மலையகத் தோட்டங்களும் மருத்துவப் படிமவியலும்

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரோண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தபோது, இலங்கை மலையகத்தின் ஹட்டனுக்கு ரயில் வந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. காப்பி அழிந்த சரிவுகளில் தேயிலை வேரூன்றியிருந்தது. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872இலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. 1912இன் சட்டம் அந்த ஏற்பாட்டை விரிவாக்கியது. ஆனால் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் டிஸ்பென்சரியில் கலவை மருந்து கொடுத்துத் தொழிலாளியை வேலைக்குத் திருப்பி அனுப்புவதே தோட்டத்துக்குள் கிடைத்த வைத்தியத்தின் எல்லை. படிமவியலின் வரலாறு வழக்கமாகக் கண்டுபிடிப்பு ஆண்டுகளை வைத்தே எழுதப்படுகிறது. மலையகத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தொழிலாளர் வாழும் லயத்துக்கும் படிம இயந்திரத்துக்கும் இடையிலான தூரமே இங்கு பொருத்தமான அளவுகோல்.

எக்ஸ்ரே படம் நிழலின் படம். எலும்பு கதிரைத் தடுப்பதால் வெளுத்தும், காற்று நிறைந்த நுரையீரல் கறுத்தும் தெரியும். அந்தக் கறுப்பில் தோன்றும் வெண்திட்டுகள் சயரோகத்தை ஐயுற வைக்கும். விறகடுப்புப் புகை சூழ்ந்த நெருக்கமான லயக் காம்பராக்களில் வாழ்ந்தோருக்கு நெஞ்சுப் படத்தின் தேவை அதிகம். ஆனால் படம் எடுக்க மின்சாரமும், பிலிம் கழுவ இருட்டறையும், எடுக்கவும் வாசிக்கவும் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும். இவை டிஸ்பென்சரிக்கு எட்டாதவை. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும் என்பதும் ஒரு தடைதான்.

கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவருடைய சகாக்களும் 1958இல் வெளியிட்ட ஆய்வு, உலோகத்தில் விரிசல் தேடப் பயன்பட்ட மீயொலியை வயிற்றுக்குத் திருப்பியது. ஒலி திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு உருவம் வரையும் முறை இது. கதிர்வீச்சு இல்லை, பிந்திய கருவிகள் கைப்பெட்டி அளவுக்குச் சுருங்கின. மலை ஏறுவதற்கு இதைவிடத் தோதான படிமக் கருவி கிடையாது. நச்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பதை முன்கூட்டியே அறிந்தால், கர்ப்பிணியை இரத்தப்போக்குடன் இரவில் தோட்டப் பாதையில் இறக்க வேண்டிய நிலையைத் தவிர்க்கலாம்.

சி.டி. ஸ்கேனின் கதையில் தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஒரு பகுதி உண்டு. 1971 அக்டோபரில் லண்டனில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. பல கோணங்களில் எடுத்த அளவீடுகளிலிருந்து குறுக்குவெட்டை மீட்பது கணிதச் சிக்கல். அதற்கான அடிப்படையை ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடோன் 1917இலேயே தந்திருந்தார். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கணிப்பு, விடையைத் திரும்பத் திரும்பத் திருத்தும் நீண்ட வழி. அதே 1971இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் அமைப்பை ஆராய்ந்து புகழ்பெற்று, பின்னர் பெங்களூருக்குச் சென்ற ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து குறுக்குவழி ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு நிழலையும் முதலில் வடிகட்டிப் பிறகு பின்னோக்கிப் பரப்பினால் உருவம் மங்காமல் விரைவாகக் கிடைக்கும். ரேடியோ வானியலில் இதையொத்த எண்ணம் 1967இலேயே பிறந்திருந்தது. ஆயினும் 'ராம்-லாக்' வடிகட்டி என்ற பெயர் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. 1979இன் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், இதே கணிதச் சிக்கலை ஆராய்ந்த ஆலன் கோர்மாக்குக்கும் சென்றது.

காந்த ஒத்ததிர்வைக் கொண்டு உடல் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைப் 'பேச' வைக்கும் எம்.ஆர்.ஐ. 1970களில் உருவானது. டன் கணக்கான காந்தமும் தடைபடாத மின்சாரமும் கேட்பதால் அது பெரிய வைத்தியசாலைகளைவிட்டு எளிதில் நகர்வதில்லை.

இந்தக் கருவிகள் வந்த காலத்தில்தான், 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில், மலையகத் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆனால் தோட்ட ஆஸ்பத்திரிகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களில்தான். ஹட்டனுக்கு அருகே டிக்கோயாவில் இந்திய நிதியுதவியில் எழுந்த 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை 2017 மே 12 அன்று திறக்கப்பட்டது. டிஜிட்டல் முறை இருட்டறையை ஒழித்தது. படத்தை வேறு ஊரிலுள்ள நிபுணருக்கு அனுப்பவும் முடிகிறது. எடுப்பவர் மட்டும் நோயாளியின் அருகில்தான் இருக்க வேண்டும். நெஞ்சுப் படம் எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். அது நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லப்படாவிட்டால், நுரையீரல் முழுதாக விரியாமல் படம் பிசகும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கதிர்ப்படவியல் பயிலும் தமிழ் மாணவரின் தேவை இங்குதான் எழுகிறது.