புண் காய்வதும் ஆறுவதும்

தமிழிலே புண் குணமாவதைச் சொல்வதற்கு இரண்டு வினைச்சொற்கள் வழக்கில் உள்ளன. ஒன்று ஆறுதல், மற்றையது காய்தல். "புண் ஆறிவிட்டது" என்போம். அதே பொருளில் "புண் காய்ந்துவிட்டது" என்றும் சொல்வோம். சைக்கிளால் விழுந்து முழங்காலை உரஞ்சிக்கொண்டு வரும் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்து வீடுகளில் கிடைக்கும் முதலாவது அறிவுறுத்தல் "தண்ணி படவிடாதை, காயட்டும்" என்பதுதான். இரண்டாம் நாள் பொருக்குக் கட்டிவிட்டால் தாய்மாருக்கு நிம்மதி பிறந்துவிடும். பொருக்கைக் கிள்ளும் பிள்ளைக்கு அடியும் விழும்.

காய்ந்தால்தான் ஆறும் என்ற இந்தச் சமன்பாடு பேச்சு வழக்கோடு நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைத்தேய சத்திர சிகிச்சையும் அதற்குத் தன் முத்திரையைக் குத்தியது. அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அது கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மையாகவே இருந்தது. தோலின் மேற்பரப்பில் ஏற்படும் சிறு சிராய்ப்புகளைப் பொறுத்தவரையில் அது உண்மையல்ல என்பது 1962 ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்தச் செய்தி எமது வீட்டு வாசற்படியை இன்னும் முழுமையாகத் தாண்டவில்லை.

கதையை 1867 ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயைத் தளமாகக் கொண்டு தமிழ் மாணவர்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தவர். பின்னர் அதனைத் தமிழ் மொழியிலேயே கற்பிக்கத் துணிந்தவர். அவருடைய 'இரண வைத்தியம்' என்ற பெரும் நூல் 1867 இல் வெளிவந்தது. றொபேர்ட் ட்றூயிற் என்ற ஆங்கிலேயச் சத்திர சிகிச்சையாளரின் கைந்நூலைத் தழுவிய தமிழாக்கம் அது. தமிழில் ஒரு முழுமையான சத்திர சிகிச்சை நூல் அச்சேறிய அதே ஆண்டில்தான், இங்கிலாந்தின் 'லான்செற்' மருத்துவ ஏட்டில் ஜோசப் லிஸ்டர் தமது கார்போலிக் அமிலச் சிகிச்சை பற்றிய கட்டுரைகளை எழுதினார். மானிப்பாயில் தமிழுக்கு வந்த சத்திர சிகிச்சை, லிஸ்டருக்கு முந்திய தலைமுறையின் சத்திர சிகிச்சை. நூல் கைக்கு வந்த ஆண்டிலேயே அதன் அடித்தளம் ஐரோப்பாவில் அசையத் தொடங்கிவிட்டது.

லிஸ்டரின் முதல் வெற்றி 1865 ஓகஸ்டில் கிளாஸ்கோ நகரில் நிகழ்ந்தது. வண்டிச் சக்கரம் ஏறியதால் காலெலும்பு முறிந்து தோலைக் கிழித்துவிட்ட பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன். அக்காலத்தில் அத்தகைய காயம் சீழ்ப்பிடித்து, காலை வெட்டுவதிலோ மரணத்திலோ முடிவது வழக்கம். பஸ்டரின் கிருமி ஆய்வுகளைப் படித்திருந்த லிஸ்டர், கார்போலிக் அமிலத்தில் தோய்த்த துணியைக் காயத்தில் வைத்துக் கட்டினார். சிறுவன் ஆறு வாரங்களில் எழுந்து நடந்தான். கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த ஒரு வழியின் முதலடி அது. அதைக் குறைத்துப் பேசுவதற்கு எனக்கு எந்த எண்ணமும் இல்லை.

ஆனால், அந்த வெள்ளத்தில் அடிபட்டுப் போன நல்ல விடயம் ஒன்றும் உண்டு. லிஸ்டருக்கு முன்னர் இங்கிலாந்தில் நீர்க்கட்டு என்றொரு முறை பரவலாக இருந்தது. வெந்நீரிலோ தண்ணீரிலோ நனைத்த மென்துணியைக் காயத்தின் மீது வைத்து, அது உலர்ந்துவிடாதபடி எண்ணெய் ஊட்டிய பட்டுத்துணியால் மேலே மூடிக் கட்டுவார்கள். லண்டனில் றொபேர்ட் லிஸ்டன் என்ற பெயர்பெற்ற சத்திர சிகிச்சையாளர் இதனைப் பெரிதும் ஆதரித்தார். (லிஸ்டன் வேறு, லிஸ்டர் வேறு, அச்சுக்கோப்பாளரின் பிழையென்று எண்ணிவிட வேண்டாம்.) கிருமி பற்றி எதுவும் அறியாத அந்த மருத்துவர்கள், புண்ணை ஈரமாக வைத்திருந்தால் அது எரிவின்றி ஆறுகிறது என்பதைக் கண்ணால் கண்டிருந்தார்கள். அழுக்கு நீரும் கழுவாத கைகளும் அந்த நல்ல அவதானத்தைக் கெடுத்துவிட்டன.

இன்னுமொன்று. கார்போலிக் அமிலம் கிருமியை மட்டுமல்லாமல் புதிதாக முளைக்கும் தசையையும் சுடுகிறது என்பதை லிஸ்டரே கண்டுகொண்டார். அதனால்தான் மருந்தூட்டிய துணிக்கும் புண்ணுக்கும் இடையில் எண்ணெய்ப் பட்டுத்துணி ஒன்றைத் தடுப்பாக வைக்கத் தலைப்பட்டார். ஆசான் செய்த அந்தத் திருத்தத்தைச் சீடப் பரம்பரை மறந்துபோனது. 1880 இல் பேர்மிங்ஹாமைச் சேர்ந்த சாம்ப்சன் காம்ஜி ஈரத்தை உறிஞ்சும் பஞ்சுக் கட்டினை அறிமுகம் செய்தார். கிருமி ஈரத்தில் வளரும், ஆகவே ஈரம் பகை, உலர்வே பாதுகாப்பு என்ற தர்க்கம் வைத்தியசாலைகளில் நிலைபெற்றது. பெரிய காயங்களுக்குக் கூறப்பட்ட விதி சிறிய காயத்துக்கும் பொருந்தும் என்பது எவராலும் பரிசோதித்துப் பார்க்கப்படாமலே வீடுகளுக்குள் நுழைந்தது.

அதனுடன் வந்தவையே எரியும் மருந்துகள். கபில நிறத்து அயடீன் ஒருபுறம். 1918-19 காலப்பகுதியில் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் ஹியூ யங் என்ற மருத்துவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த, பாதரசம் கலந்த சிவப்பு மருந்தாகிய மேர்க்கியூரோகுரோம் இன்னொருபுறம். எமது தலைமுறையினர் பாடசாலை அலுமாரியில் அந்தச் சிறிய குப்பிகளைப் பார்த்திருப்பார்கள். மருந்து பூசும் ஆசிரியர் முதலில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு பிள்ளையை அழைப்பார். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. 1998 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், மேர்க்கியூரோகுரோமின் பாதுகாப்பும் பயனும் நிறுவப்பட்டவை என ஏற்கமுடியாது என்று தீர்மானித்ததும், அந்நாட்டுக் கடைகளிலிருந்து அது மறையத் தொடங்கியது.

எரியும் மருந்தின் மீதான நம்பிக்கைக்கு முதல் அடி விழுந்தது முதலாம் உலகப் போரிலேயே. பிற்காலத்தில் பென்சிலினால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் பிளெமிங், அப்போது பிரான்சின் பூலோன் நகரில் இருந்த இராணுவ வைத்தியசாலையில் தமது குரு அல்ம்றொத் றைற்றுடன் பணியாற்றினார். வீரியமான கிருமிகொல்லிகள் காயத்தின் ஆழத்திலுள்ள கிருமிகளை எட்டுவதில்லை என்பதையும், அவற்றை எதிர்க்க உடல் அனுப்பும் வெண்குழியங்களையே அவை முதலில் கொன்றுவிடுகின்றன என்பதையும் பிளெமிங் காட்டினார். இருவரும் பரிந்துரைத்தது உப்பு நீரால் கழுவுவதை. போர்க்களத்து மருத்துவர்களில் பெரும்பாலானோர் அதனைச் செவிமடுக்கவில்லை.

தீர்க்கமான சான்று 1962 இல் வந்தது. இங்கிலாந்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜோர்ஜ் வின்ரர், இளம் பன்றிகளின் முதுகில் ஆழமற்ற சம அளவான காயங்களை உண்டாக்கினார். சிலவற்றைக் காற்றுப்படத் திறந்து விட்டார். சிலவற்றை மெல்லிய பொலித்தீன் தாளால் மூடினார். திறந்திருந்தவை வழமைபோல் பொருக்குக் கட்டின. மூடியிருந்தவை பொருக்கே கட்டாமல், ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் புதுத்தோலால் மூடப்பட்டன. 'நேச்சர்' இதழில் இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிய கட்டுரை அது. மறு ஆண்டிலேயே ஹின்மன், மைபாக் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மனிதத் தோலிலும் இதே போக்கினைக் கண்டு அதே இதழில் எழுதினர்.

காரணம் எளிமையானது. சிராய்ப்பில் தோல் முழுவதும் போய்விடுவதில்லை. மேற்படை மாத்திரமே உரிகிறது. மயிர்க்கால்களின் அடியில் உயிருள்ள கலங்கள் சிறு தீவுகளைப் போல எஞ்சியிருக்கும். அந்தத் தீவுகளிலிருந்தும் காயத்தின் ஓரங்களிலிருந்தும் புதிய கலங்கள் ஊர்ந்து வந்து ஒன்றையொன்று தொடும்போது தோல் மூடப்படுகிறது. ஈரமான பரப்பில் அவை வழுக்கிக்கொண்டு நகரும். காய்ந்த பொருக்கு இருந்தாலோ, அதன் அடியில் உலர்ந்து இறந்த படையையும் தாண்டி, ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறங்கித் துளைத்துக்கொண்டு போகவேண்டும். நாம் நிம்மதியோடு பார்த்த பொருக்கு, ஊர்ந்து வருபவர்களின் பாதையில் போட்ட மதில். கிருமி உள்ளே வராமல் அது ஓரளவுக்குக் காத்தது என்பதும் மெய்தான். அதே காவலைச் சுத்தமான கட்டு இன்னும் நன்றாகச் செய்யும்.

இதை வாசிக்கும் சிலர் "எங்கள் பாட்டிமார் எண்ணெயும் மஞ்சளும் பூசினார்களே, அவர்களுக்கு இது முன்பே தெரியும்" என்று பெருமிதம் கொள்ளக்கூடும். ஒரு பகுதி நியாயம். வேப்பெண்ணெயோ நல்லெண்ணெயோ பூசிய புண் காய்ந்து வெடிப்பதில்லை. மேலே வைத்துக் கட்டிய இலையும் ஈரத்தைக் காத்தது. மஞ்சளின் பெயரால் ஒரு சர்வதேச வழக்கும் நடந்தது. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995 இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையம் காப்புரிமை பெற்றது. இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூற்சான்றுகளை முன்வைத்து ஆட்சேபித்தது. 1997 இல் அக்காப்புரிமை இரத்துச் செய்யப்பட்டது. அப்போது எமது பத்திரிகைகளும் அதனைக் கொண்டாடின. வழக்கு தீர்த்து வைத்தது முறை புதியதா பழையதா என்பதை மட்டுமே. மஞ்சள் புண்ணை ஆற்றுமா என்பது அங்கே விசாரிக்கப்பட்ட பொருளன்று. மேலும், மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை ஏறிய 2020 ஆம் ஆண்டிலே, கடைகளில் மஞ்சள்தூள் என்ற பெயரில் என்னென்னவோ விற்கப்பட்டதை நாம் கண்டோம். அத்தகைய தூளைக் கறியில் போடவே தயங்கவேண்டும்.

பழைமை பற்றிய பெருமிதத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் பிழிந்து விடும் கிணற்றடிப்பூண்டை வழிவழி வந்த பாட்டி வைத்தியம் என்று பலர் நம்புகின்றனர். அந்தப் பூண்டின் தாயகம் மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகள். கொலம்பஸுக்குப் பின் கப்பலேறி வந்த செடி அது. எமது பாட்டிமார் புதியதைப் பரீட்சித்துப் பார்க்கத் தயங்காதவர்கள் என்பதற்குச் சான்றாகவே நான் அதனைக் கொள்கிறேன்.

மறுபகுதி பாரதூரமானது. அதே பாட்டிமார், அதே அன்போடு, அடுப்புச் சாம்பலையும் கோப்பித்தூளையும் சிலந்தி வலையையும் சில வீடுகளில் மாட்டுச் சாணத்தையும் புண்ணில் அப்பினார்கள். இரத்தம் நிற்கும்; புண் காய்ந்ததாகவும் தோன்றும். ஏற்புவலியின் கிருமி வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் வாழ்பவை. காற்று எட்டாத காயத்தினுள் முளைப்பவை. 1889 இல் ஜப்பானிய விஞ்ஞானி கித்தசாத்தோ இக்கிருமியைத் தனியே பிரித்தெடுத்தார். 1920களில் தடுப்பூசி உருவானது. இலங்கையில் 1978 இல் தொடங்கிய விரிவான தடுப்பூசித் திட்டம் அதனைக் குக்கிராமங்கள்வரை கொண்டு சென்றது. "ஏற்பூசி போட்டாச்சா?" என்ற கேள்வி எமது ஊர்களில் இன்று சாதாரணமாகக் காதில் விழுவதற்கு, கிராமம் கிராமமாக நடந்த குடும்பநல மருத்துவ மாதர்களே பெரும் காரணம். சுத்தமான காயத்தில் ஏற்புவலி அரிது. சாணம் அப்பிய காயத்தில் அது அரிதாக இருக்கவில்லை.

1990களில், மருந்துப் பொருட்கள் கட்டுப்பாடுகளோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த காலத்தில், பல வீடுகளில் அயடீன் குப்பி வெறுமையாகிவிட்டது. அவித்தாறிய நீரில் உப்புப் போட்டுக் கழுவி, பழைய வேட்டியைக் கிழித்து அவித்தெடுத்த துணியால் கட்டினார்கள். தட்டுப்பாடு காரணமாகச் செய்த அந்தக் காரியம் பிளெமிங்கும் றைற்றும் சொன்னதற்கு மிக அண்மையில் இருந்தது.

இன்று வீட்டில் செய்யவேண்டியது மிகக் கொஞ்சம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியபின், காயத்தைக் குடிக்கத்தக்க ஓடும் நீரில் சில நிமிடங்கள் நன்றாகக் கழுவவேண்டும். கிணற்று நீரில் ஐயமிருந்தால் கொதித்தாறிய நீர் போதும். கிறவல் வீதியில் விழுந்தவர்களுக்கு மண்ணும் கல்லுத்துணிக்கையும் ஒட்டியிருக்கும். அவற்றை நீக்காமல் விட்டால் புண் சீழ்ப்பிடிக்கலாம், அல்லது தோலுக்குள் நீலப்புள்ளியாக வாழ்நாள் முழுவதும் நின்றுவிடலாம். அதன்பின் மெல்லியதாக வஸலின் பூசி, ஒட்டிப்பிடிக்காத கட்டினால் மூடி, நாள்தோறும் அல்லது நனைந்து அழுக்கானவுடன் மாற்றவேண்டும். புதுத்தோல் மூடும்வரை இதுவே. அயடீனும் ஸ்பிரிற்றும் தினந்தோறும் ஊற்றுவதற்கானவை அல்ல. ஈரம் என்றால் ஊறிப்போகும் அளவுக்கு நனைந்திருப்பதுமன்று. சுற்றியுள்ள தோல் வெளிறிச் சுருங்கினால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

வஸலினும் புதியதன்று. மண்ணெண்ணெய் வியாபாரத்தில் இருந்த றொபேர்ட் செஸ்புறோ என்பவர், எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் குழாயில் படியும் மெழுகைக் காயத்தில் பூசுவதைக் கண்டு, அதனைச் சுத்திகரித்து 1872 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். விற்பனைக்காக ஊர் ஊராகச் சென்று, கூட்டத்தின் முன்னிலையில் தம் தோலைத் தாமே சுட்டுக் காட்டி அதன்மீது பூசினாராம். அந்த மெழுகில் கிருமியைக் கொல்லும் சக்தி எதுவும் இல்லை. அது ஈரத்தை வெளியேறவிடாமல் மூடுகிறது, அவ்வளவே.

காயத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ, வீக்கமும் சீழும் கண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ ஆசுபத்திரிக்குப் போகத் தாமதிக்கக்கூடாது. ஆழமான காயமும், நாய் கடித்த காயமும், துருப்பிடித்த ஆணி குத்திய காயமும் இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் அடங்குபவையல்ல. நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தில் ஏற்படும் மிகச் சிறிய உரஞ்சலைக்கூட வைத்தியரிடம் காட்டவேண்டும். அவர்களுக்கு நோவு தெரியாது. மேலே காய்ந்த பொருக்குத் தெரியும், அதன் கீழே சீழ் இருக்கும்.