லயத்துப் பல்லாங்குழி

விளையாட்டை ஆராய்வதும் ஒரு கல்வித்துறையே. இலங்கையில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1873இல் லியோபோல்ட் லுடோவிசி சிங்கள மக்களின் விளையாட்டுகளைப் பற்றி அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதினார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909இல் வெளிவந்த ‘பண்டைய இலங்கை’ என்ற ஆங்கில நூலில் பல ஆட்டங்களை விதிகளோடு விவரித்தார். தமிழகத்தில் தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ 1954இல் வந்தது. ஆண்பால், பெண்பால், இருபால் என்று ஆடுவோரைக் கொண்டே அவர் விளையாட்டுகளை வகுத்தார்.

அந்த வகுப்பில் ஓர் உண்மை இருக்கிறது. ஆட்டத்தின் விதி மட்டும் வரலாறு ஆகாது. ஆடியவர்கள் யார் என்பதும் வேண்டும். நமது லுணுகலை, பசறையிலிருந்து பிபிலைக்கு இறங்கும் பாதையில் இருக்கிறது. தோட்டமும் சிங்களக் கிராமமும் அயலில் வாழும் ஊர். சிங்களப் பெண்கள் சித்திரைப் புத்தாண்டில் குன்றிமணியை வைத்து ஆடும் ஒலிந்த கெலியவுக்கும், நம் பாட்டிமார் புளியங்கொட்டையை வைத்து ஆடிய பல்லாங்குழிக்கும் வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள்தான். பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். பலகை இல்லாவிட்டால் மண்ணில் குழி தோண்டினால் போதும். கடல் கடந்து வந்த ஏழைக் குடும்பங்களுக்கு ஏற்ற ஆட்டம் அது.

ஆனால் அதற்கு இருவர் வேண்டும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. இஸ்தோப்பில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடிய அக்கா தங்கைமாரும் அக்கரை, இக்கரை என்றானார்கள். லயத்துப் பெண்களின் ஆட்டம் நூல்களில் ஏறுமுன்பே ஆடியவர்கள் கலைந்துபோனார்கள்.

மருத்துவத்துறைக்கு வந்த நாம் அறிந்த ஒன்று இங்கு உதவும். மறதிநோய் கண்ட முதியவர் காலையில் சாப்பிட்டதை மறந்தாலும், கை பழகிய வேலை பெரும்பாலும் நெடுநாள் நிலைக்கும். ஆகவே பாட்டியிடம் விதியைக் கேட்பதோடு நிற்காமல், அவர் முன் குழிகளையும் கொட்டைகளையும் வைத்து எதிரே உட்காருவோம். குழிக்கு எத்தனை போடுகிறார், என்ன சொல்லி எடுக்கிறார், யாரிடம் பழகினார் என்று எழுதிக்கொள்வோம்.

நீலகிரியில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும், பழைய மாணவிகளாகிய நாம் ஒவ்வொருவரும் ஒரு பாட்டியின் ஆட்டத்தைப் பதிந்து அனுப்பினால், நூற்றாண்டு காணும் நம் பாடசாலை நூலகத்தில் அதற்கொரு தட்டு ஒதுக்கலாம். பாட்டிமார் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.