பனியாற்றின் வரவும் செலவும்

சுவிட்சர்லாந்தின் ரோன் பனியாற்றில் 1874-இல் நில அளவையாளர்கள் ஒரு சோதனையைத் தொடங்கினர். வண்ணம் பூசிய கற்களைப் பனியின் குறுக்கே நேர்வரிசையாக அடுக்கி, ஆண்டுதோறும் அவை இருக்கும் இடத்தை அளந்தனர். சில ஆண்டுகளில் வரிசை வளைந்துவிட்டது. நடுவிலிருந்த கற்கள் வெகுதூரம் இறங்கியிருந்தன; பாறைச் சுவரை ஒட்டியவை பின்தங்கின. பல்லாண்டு நீடித்த அந்த அளவையின்போது, பனியாற்றின் முனை மொத்தத்தில் மலைமேல் நோக்கிப் பின்வாங்கியது. பனி கீழே போகிறது, முனையோ மேலே ஏறுகிறது. இந்தப் புதிர் அவிழ்ந்தால் பனியாறு விளங்கிவிடும்.

விழுந்த புதுப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 200 கிலோ வரைதான் இருக்கும். கோடையில் உருகாமல் மிஞ்சியதன்மேல் அடுத்த ஆண்டின் பனி விழுகிறது. அடியிலிருப்பது நசுங்கி, மணிமணியாகி இறுகுகிறது. எடை 830 கிலோவை எட்டும்போது காற்றுப் பாதைகள் அடைபட்டு, குமிழிகளைச் சிறைபிடித்த பனிக்கட்டி உருவாகிறது. அதன் கனம் ஏறத்தாழ 30 மீட்டரைத் தாண்டினால் தன் பாரத்தாலேயே அது சரிவில் இறங்கத் தொடங்கும். படிகங்கள் உருமாறி நழுவுகின்றன. அடியில் உருகுநீர் இருந்தால் மொத்தப் பனியும் பாறைமேல் வழுக்குகிறது.

உயரத்தில் பனி சேர்வது வரவு. தாழ்வில் உருகுவது செலவு. இரண்டும் சமமாகும் எல்லையே சமநிலைக் கோடு. மேலே மிஞ்சுவதைக் கீழே கொண்டுசெல்வதே பனியாற்றின் ஓட்டம். கீழே வந்து சேர்வதைவிட உருகுவது மிகுந்தால், பனி ஓடிக்கொண்டிருக்கும்போதே முனை பின்வாங்கும்.

இந்தக் கணக்கை நேரில் எழுதுபவர்கள் உண்டு. இமாசலப் பிரதேசத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் மூங்கில் கழிகளைப் பனியில் ஆழத் துளையிட்டு நட்டு அளக்கிறார்கள். பனி மட்டத்தோடு நின்ற கழி கோடை முடிவில் 2 மீட்டர் வெளியே தெரிந்தால், அவ்விடத்தில் ஏறக்குறைய 1.8 மீட்டர் நீருக்கு ஈடான பனி செலவாகியிருக்கிறது. மேற்பகுதியில் குழி தோண்டி, சென்ற கோடையின் அழுக்குப் படிவு வரை இறங்கி, அதற்கு மேலுள்ள பனியை எடைபோடுகிறார்கள்.

ஆல்ப்ஸில் வரவுக்குக் குளிர்காலம், செலவுக்குக் கோடை. நேபாளத்திலும் கிழக்கு இமயத்திலும் பருவமழைக் காலமே இரண்டுக்கும் உரியது. அங்கே வெப்பம் சற்றுக் கூடினாலும் பனியாக விழவேண்டியது மழையாகப் பெய்துவிடுகிறது. வரவு குறைவதோடு, வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்ணிறப் போர்வையும் இல்லாமல் போகிறது. பழைய பனி விரைந்து உருகுகிறது.

முனையை மட்டும் பார்த்து நலம் கணிப்பது ஏமாற்றம் தரும். காரகோரத்தின் குத்தியா பனியாறு 1953-இல் சுமார் மூன்று மாதங்களில் 12 கிலோமீட்டர் முன்னேறியது. அது வரவு பெருகியதன் அடையாளமல்ல. தேங்கியிருந்த பனி திடீரென வழுக்கியதன் விளைவு. எவரெஸ்ட் அடிவாரத்துக் கும்பு பனியாற்றின் முனையோ பெரிதாக நகரவில்லை. ஆனால் மேலே மூடிய கல்மண்ணுக்கு அடியில் பனி மெலிந்துகொண்டே போகிறது. பெரிய பனியாறுகளில் இன்றைய வானிலையின் பலன் முனையை எட்டப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம்.

பின்வாங்குவது ஒருவகையில் பனியாறு தன்னைச் சரிசெய்துகொள்ளும் வழி. வெப்பமான கீழ்ப்பகுதியைக் கைவிட்டு, வரவுக்கேற்ற சிறிய உடலோடு அது மீண்டும் சமநிலை காணலாம். ஆனால் சமநிலைக் கோடு உச்சியையும் தாண்டிவிட்டால் வரவே கிடையாது; எவ்வளவு சுருங்கினாலும் கணக்கு நேராகாது. ஐஸ்லாந்தின் ஓக் மலைப் பனியாற்றுக்கு அதுதான் நேர்ந்தது. அங்கே எஞ்சிய பனிக்கு நகரும் கனம் இல்லை என்று கண்டு, 2014-இல் பனியாறுகளின் பட்டியலிலிருந்து அதை நீக்கினார்கள். ஆகவே ஒரு பனியாறு எத்தனை மீட்டர் பின்வாங்கியது என்பதோடு, சமநிலைக் கோட்டுக்கு மேலே இன்னும் எவ்வளவு பனி சேர்கிறது என்றும் கேட்கவேண்டும். அது பிழைக்குமா என்பதை இரண்டாம் கேள்வியே தீர்மானிக்கிறது.