சூரியனும் கோள்களும் சுற்றும் ஒரு பழைய பெட்டி



இங்கிலாந்தில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் பழைய எம்.ஜி.பி கார் வாங்கியிருக்கிறான். ஓவர்டிரைவ் பெட்டி கியர்பாக்ஸை விட்டு வரவில்லை, நெம்புகோல் போடலாமா என்று கேட்டான். போடாதே என்றேன். ஏன் என்பதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

அதை வடிவமைத்தவர் எட்கர் டி நார்மன்வில். பொறியாளர், கார்களைப் பற்றி எழுதிய பத்திரிகையாளரும்கூட. ஷெஃபீல்டு நகரத்து லேகாக் கம்பெனி செய்து விற்றது. முதலில் சுமந்த கார் ஸ்டாண்டர்டு வான்கார்டு. அந்த வான்கார்டைச் சென்னையிலும் பூட்டினார்கள், பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வான்கார்டுக்கு மூன்றே கியர். நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறும். ஓவர்டிரைவைப் போட்டால் அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்று சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஐந்தாவது கியர் எல்லா வண்டிக்கும் வந்தபின் இதற்கு வேலையில்லாமல் போயிற்று.

உள்ளே நடுவில் சூரியச் சக்கரம், சுற்றிலும் கோள் சக்கரங்கள், வெளியே வளையச் சக்கரம். பெயர் வைத்தவன் வானம் பார்த்தவன்தான்! சாதாரண ஓட்டத்தில் கூம்பு வடிவக் கிளட்ச் ஒன்றை ஸ்பிரிங்குகள் வளையத்தோடு அழுத்திப் பிடிக்கும். ஓவர்டிரைவ் போட்டால் எண்ணெய் அழுத்தம் அதை எதிர்ப்பக்கம் தள்ளிச் சூரியச் சக்கரத்தை நிறுத்திவிடும். வளையம் வேகமாகச் சுற்றும்.

சிக்கல் இங்கேதான். கோள்களைத் தாங்கும் சட்டமும் ஒருவழிக் கிளட்சும் ஒரே தண்டின் ஸ்பிளைனில் உட்கார்ந்திருக்கின்றன. கூம்பு இறுக்கிப் பிடித்திருப்பதால் இரண்டுக்கும் நடுவே முறுக்கு தேங்கி நிற்கும். துணி பிழியும்போது இரு கையும் இறுகுவதுபோல. போல்ட் எல்லாம் கழன்றாலும் பெட்டி நகராது.

அதனால்தான் அந்நாளைய பணிமனைக் கையேடுகள் சொல்லின: கழற்றும் முன் காரை ஓட்டு, ஓவர்டிரைவைப் போடு, பிறகு கிளட்சை மிதித்தபடியே அதை எடு. முறுக்கு விட்டுவிடும்.

இவன் கார் பல வருடமாக ஓடவில்லை. ஆகவே கியரில் போட்டுவிட்டு, பின்பக்க ஃபிளாஞ்சை முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டே பெட்டியை நேராகப் பின்னுக்கு இழுக்கச் சொன்னேன். உறை அலுமினியம், நெம்பினால் விளிம்பு விரியும், எண்ணெய் ஒழுகும்.

இன்னொன்று, பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும்: ஓவர்டிரைவ் விழுந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால் ரிவர்ஸ் கியர் போடவே வேண்டாம். ஒருவழிக் கிளட்ச் நொறுங்கிவிடும். இறங்கிப் பின்னுக்குத் தள்ளவும் வேண்டாம்.