வெற்று நிலம் என்னும் கற்பிதம்: உரெங்கோய் - உஷ்கொரொட் எரிவாயுக் குழாய்வழி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நெடுந்தூரக் குழாய்வழியொன்றின் வரலாறு பெரும்பாலும் இருவகையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒன்று பொறியியற் சாதனையின் வரலாறு. மற்றையது அரசுகளின் இராசதந்திர வரலாறு. இவ்விரண்டிலும், குழாய் எந்நிலத்தின் ஊடாகச் செல்கின்றதோ அந்நிலம் கடக்கப்படவேண்டிய ஒரு தடையாக மட்டுமே இடம்பெறுகின்றது. அங்கு வாழ்வோர் இடம்பெறுவதில்லை. மேற்குச் சைபீரியாவின் உரெங்கோயிலிருந்து, அன்றைய சோவியத் உக்ரேனின் மேற்கெல்லையிலுள்ள உஷ்கொரொட் வரை 1982 முதல் 1984 வரையில் அமைக்கப்பட்ட எரிவாயுக் குழாய்வழி, இக்குறைபாட்டினை ஆராய்வதற்கு உகந்த சான்றாகும். முதலாளித்துவ உலகின் உள்முரண்பாடுகளை அது அம்பலப்படுத்தியமை முற்போக்காளராற் பலகாலும் எடுத்துக்கூறப்பட்டது. சோசலிசக் கட்டுமானத்தினுள்ளே இருந்த முரண்பாடொன்றையும் அது வெளிப்படுத்திற்று என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

உரெங்கோய் எரிவாயு வயல் 1966இற் கண்டறியப்பட்டது. 1978இல் உற்பத்தி தொடங்கிற்று. அங்கிருந்து புறப்பட்ட இக்குழாய்வழியின் நீளம் 4,451 கிலோமீற்றர். குழாயின் விட்டம் 1,420 மில்லிமீற்றர். ஆண்டொன்றுக்கு 3,200 கோடி கனமீற்றர் வாயுவைக் கொண்டு செல்லத்தக்கதாக அது திட்டமிடப்பட்டது. யூரல், கார்ப்பேத்தியன் மலைத்தொடர்களையும் ஒப், வொல்கா முதலிய பேராறுகளையும் அது கடக்க வேண்டியிருந்தது. வாயுவை அமுக்கி முன்தள்ளுவதற்கென வழிநெடுகிலும் ஏறத்தாழ 40 நிலையங்கள் அமைக்கப்பட்டன.

வடபகுதியிற் கட்டுமான வேலை பெரிதும் மாரிகாலத்துக்குரியதாயிற்று. கோடையிற் சதுப்பாகிவிடும் நிலம் மாரியில் உறைந்து இறுகிய பின்னரே கனரக வாகனங்களைத் தாங்கும். உறைநிலம் இளகுமாயின் குழாய் அமிழும். சதுப்பிலோ பருத்த குழாய் மிதந்து மேலெழும். இதனைத் தடுக்கச் சீமெந்துப் பாரங்கள் அதன்மீது ஏற்றப்பட்டன. கடுங்குளிரிலே குழாய்களை ஒட்டி இணைத்த தொழிலாளரின் உழைப்பும், கிழக்கு ஜேர்மனியிலிருந்து வந்து சில பகுதிகளை அமைத்த இளந்தொழிலாளரின் உழைப்பும் இவ்வரலாற்றின் அடித்தளமாகும். கைதிகளின் உழைப்பும் பயன்படுத்தப்பட்டது என்னும் குற்றச்சாட்டு 1982இல் மேற்கில் எழுந்தது. சோவியத் அரசு அதனை மறுத்தது.

இராசதந்திரப் பக்கம் நன்கு அறியப்பட்டது. குழாய்க்கு எரிவாயு என்னும் பண்டமாற்று ஒப்பந்தத்தை மேற்கு ஜேர்மனியும் சோவியத் ஒன்றியமும் 1970இலேயே செய்துகொண்டிருந்தன. மேற்கு ஐரோப்பிய வங்கிகளின் கடனும், ஜேர்மானியக் குழாய்களும், அமெரிக்கத் தொழினுட்ப உரிமம்பெற்ற வாயுச் சுழலிகளும் புதிய திட்டத்தில் ஒன்றிணைந்தன. 1981 டிசம்பரிற் போலந்தில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதும் றேகன் அரசு தடைகளை விதித்தது. 1982 யூன் மாதத்தில் அத்தடைகள் அமெரிக்க நிறுவனங்களின் வெளிநாட்டுக் கிளைகளுக்கும் உரிமம்பெற்ற ஐரோப்பிய நிறுவனங்களுக்கும் விரிக்கப்பட்டன. ஆனால் அதே றேகன் அரசு, சோவியத் ஒன்றியத்துக்குத் தானியம் விற்பதற்கிருந்த தடையை 1981 ஏப்ரிலில் நீக்கியிருந்தது. தன் நாட்டுக் கமக்காரரின் சந்தையைக் காத்த அரசு, ஐரோப்பியத் தொழிலகங்களின் சந்தையைத் தியாகம் செய்யுமாறு கேட்டது எனலாம்.

வேலையின்மை பெருகியிருந்த அக்காலத்தில் ஐரோப்பிய அரசுகள் இதற்கு இணங்கவில்லை. பிரான்சின் சோசலிச அரசு மட்டுமன்றி, றேகனின் நெருங்கிய தோழியான தட்சரின் அரசுங்கூடத் தத்தம் நாட்டு நிறுவனங்களை ஒப்பந்தப்படி சுழலிகளை அனுப்புமாறு பணித்தது. கிளைட்பாங்க் நகரத் தொழிலாளரின் வேலை அதிலே தங்கியிருந்தது. 1982 நவம்பரில் றேகன் தடைகளை நீக்கினார். மூலதனத்தின் நலன்கள் மோதும்போது கருத்தியல் ஒற்றுமை எவ்வளவு எளிதில் உடையும் என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணங்கள் சிலவே.

இத்துடன் வரலாற்றை முடித்துக்கொள்வது எளிது. ஆயினும் அவ்வாறு முடிப்பின் நாமும் நிலத்தை மறந்தவராவோம்.

உரெங்கோய் அமைந்துள்ள யமால்-நெனெற்ஸ் பிரதேசம், துருவமான் மந்தைகளை மேய்த்தும் மீன்பிடித்தும் வாழும் நெனெற்ஸ் மக்களின் பெயரால் 1930இல் நிறுவப்பட்ட தேசியப் பிரிவாகும். சிறு தேசிய இனமொன்றுக்குத் தன் பெயரில் நிருவாக அலகு வழங்கியமை ஒக்டோபர்ப் புரட்சியின் பேறுகளுள் ஒன்று. ஆனால் அவ்வலகின் உள்ளடக்கத்தைத் தீர்மானித்தது வேறொரு சக்தி. இதே நிலத்தின் குறுக்கே 1947 முதல் சலெகார்ட் - இகார்கா இரயில்பாதை கைதிகளின் உழைப்பைக்கொண்டு அமைக்கப்பட்டு, ஸ்ராலினின் மறைவுக்குப் பின் 1953இற் கைவிடப்பட்டது. அதன் ஒரு பகுதியையே பின்னர் எரிவாயுத் துறையினர் புதுப்பித்துப் பயன்படுத்தினர். இரண்டு திட்டங்களின் உழைப்பு முறைகள் வேறானவை. அவற்றைச் சமப்படுத்துவது வரலாற்று நேர்மையாகாது. எனினும் இரண்டுக்கும் பொதுவான எண்ணம் ஒன்றுண்டு. அந்நிலம் வெறுமையானது என்பதே அது.

எரிவாயுத் துறையில் முடிவுகளை எடுத்தது மொஸ்கோவிலிருந்த அமைச்சு. வீடுகள், வீதிகள், பாடசாலைகள் ஆகியனவுங்கூடப் பெரிதும் அதன் ஒதுக்கீட்டிலேயே தங்கியிருந்தன. உள்ளூர்ச் சோவியத்து மனுக்கொடுக்கும் நிலையிலேயே இருந்தது. 1979இல் ஏறத்தாழ 159,000ஆக இருந்த அப்பிரதேசத்தின் குடித்தொகை 1989இல் ஏறத்தாழ 495,000 ஆயிற்று. நெனெற்ஸ் மக்களின் தொகை குறையவில்லை. ஆனால் நூற்றுக்குப் பதினொன்றாயிருந்த அவர்தம் பங்கு ஏறத்தாழ நான்காகச் சுருங்கிற்று. சங்கிலிச்சில்லு வாகனங்கள் கிழித்த தண்டரா நிலத்தில், மான்களின் மாரிகால உணவாகிய லைக்கன் மீண்டும் வளரப் பல தசாப்தங்கள் செல்லும். மந்தை செல்லும் வழியைக் குழாய் குறுக்கறுத்தால், மேய்ப்பனின் ஆண்டுச்சுற்றே குலைந்துபோகும்.

இவ்விடத்து இலக்கியம் தரும் சாட்சியம் மனங்கொள்ளத்தக்கது. நெனெற்ஸ் எழுத்தாளர் அன்னா நெர்க்காகி தியுமென் நகரிற் கல்விகற்றவர். 1970களின் பிற்பகுதியில் வெளிவந்த அவரது குறுநாவலில், விடுதிப் பாடசாலையிலும் நகரிலும் வளர்ந்த அனிக்கோ என்னும் பெண், தாயின் மறைவின் பின் தந்தையின் கூடாரத்துக்குத் திரும்புகிறாள். தன் வீடே அவளுக்கு அந்நியமாய்த் தோன்றுகின்றது. நெர்க்காகி பின்னர் தண்டராவுக்கே மீண்டு அங்கேயே வாழத் தொடங்கினார். அமைச்சின் கணக்குகளில் தொலைவு எனப் பதிவானது அங்குள்ளோர்க்கு வீடாக இருந்தது என்பதற்கு இத்தகைய எழுத்துக்களே சான்று. திறந்த விவாதம் சாத்தியமான 1989இல் ‘யமால் - வழித்தோன்றல்களுக்கு’ என்னும் அமைப்பு அங்கு தோன்றியமை தற்செயலன்று.

உற்பத்திச் சாதனங்கள் அரசுடைமையாதலும், அவற்றின்மீது மக்கள் அதிகாரம் பெறுதலும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மறந்த இடத்திலேயே, உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி என்னும் முற்போக்கான கோட்பாடு, நிலத்தில் வாழ்பவரைக் கணக்கில் எடாத நிருவாகக் கோட்பாடாகத் திரிந்தது. சோவியத் ஒன்றியம் கலைவதற்கு முன்னரே, 1989இல், அமைச்சின் இடத்தை நிறுவனம் பெற்றுக்கொண்டது. முடிவெடுக்கும் இடம் தண்டராவுக்கு வரவில்லை.

அட்லாந்திக்குக்கு அப்பாலிருந்து வந்த தடையை வென்ற இக்குழாய்வழி, அதே சோவியத் ஒன்றியத்தின் இரு வாரிசு அரசுகளிடையே மூண்ட போரை வெல்லவில்லை. உக்ரேனின் ஊடாக ரஷ்ய எரிவாயு ஐரோப்பாவுக்குச் செல்வது 2025 ஜனவரி முதலாந் திகதியுடன் நின்றது. வாயு எவரிடம் செல்கிறது, எவர் தடுக்கிறார் என்னும் வினாக்கள் மீண்டும் எழுந்துள்ளன. எவருடைய நிலத்திலிருந்து, எவருடைய சம்மதத்துடன் என்னும் வினாவையும் அவற்றோடு சேர்த்து எழுப்புவது மார்க்சிய வரலாற்றாய்வாளரின் கடமையாகும். அவ்வினா எழாதவிடத்து, நாம் எழுதுவது குழாயின் வரலாறாக இருக்குமேயன்றி மக்களின் வரலாறாக இராது.