பலபடிச் சவ்வு எரிபொருள் கலம்: சவ்வும் வினையூக்கியும்

இது ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்காமலே இணைத்து மின்சாரம் தரும் கலம். திரவ மின்பகுளிக்குப் பதிலாக, புரோட்டான்களைக் கடத்தி எலக்ட்ரான்களைத் தடுக்கும் பலபடிச் சவ்வு இதில் உள்ளது. ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸிலேயே இயங்குவதால் வாகனங்களுக்கு ஏற்றது.

முதல் சவ்வுக் கலத்தை 1955இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தாமஸ் கிரப் அமைத்தார். 1965இல் ஜெமினி 5 விண்கலம் இவ்வகைக் கலத்துடன் பறந்தது. அன்றைய பாலிஸ்டைரீன் வகைச் சவ்வு விரைவில் சிதைந்தது. டுபான்ட் நிறுவனத்தின் நாஃபியான் அக்குறையைப் பெரிதும் தீர்த்தது. டெஃப்லானை ஒத்த அதன் முதன்மைச் சங்கிலி உறுதி தருகிறது; பக்கச் சங்கிலிகளின் நுனியிலுள்ள சல்போனிக் அமிலத் தொகுதிகள் புரோட்டானைக் கடத்துகின்றன. சவ்வில் ஈரம் குறைந்தால் கடத்தல் சரியும். மிகுந்தால் மின்வாயின் நுண்துளைகள் அடைபடும். வடிவமைப்பாளருக்கு ஓயாத தலைவலி இதுவே.

வினையூக்கி, கார்பன் துகள்மீது படிந்த சில நானோமீட்டர் பிளாட்டினம். ஹைட்ரஜன் பக்கத்துக்கு மிகச் சிறிதளவே போதும். ஆக்சிஜன் ஒடுக்கவினையோ மந்தமானது. பிளாட்டினச் செலவின் பெரும்பகுதி அங்கேதான். 1980களில் லாஸ் அலமோஸ் ஆய்வகம் மின்வாய்க்குள் நாஃபியான் கரைசலை ஊடுருவச் செய்து, சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராமாக இருந்த பிளாட்டினத்தை 0.4 ஆக்கியது. இத்துறையின் மிகச் சிக்கனமான யுக்தி இதுவெனலாம். இவ்வகைக் கலத்தால் ஓடும் டொயோட்டா மிராய் கார் பிளாட்டினம்-கோபால்ட் கலவையைப் பயன்படுத்துகிறது.

ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு கலந்திருந்தாலே பிளாட்டினத்தின் செயல் முடங்கும். பிளாட்டினத்துக்கு மாற்றான இரும்பு-நைட்ரஜன்-கார்பன் வினையூக்கிகள் மலிவானவை. ஆயுள்தான் இன்னும் போதவில்லை.