தன்னைத் தானே எழுப்பும் பொறி

ஒருநாட் காலை கணினியின் ஆளியை அழுத்துகின்றோம். வழக்கமான திரை தோன்றவில்லை. கரிய திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்னும் இரு சொற்கள் மட்டுமே நிற்கின்றன. பல்லாண்டு எழுதிய கடிதங்களும் கணக்குகளும் குடும்பப் படங்களும் அழிந்தன என்றே உள்ளம் பதறுகின்றது. அந்தப் பதற்றத்தில் வன்தட்டை அழித்து, லினக்ஸ் பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவிவிடுவோர் பலர். அதுவரை இல்லாத இழப்பு அப்பொழுதே உண்டாகின்றது. உண்மையில் வீடு இடியவில்லை. வாசற்படி ஒன்றே பெயர்ந்துள்ளது. அந்த வாசற்படி எவ்வாறு உருவாயிற்று, பெயர்ந்தால் எவ்வாறு மீள அமைப்பது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒரு புதிரை நோக்குவோம். மின்சாரம் நின்றவுடன் கணினியின் நினைவகம் வெறுமையாகிவிடும். கணினி எதனைச் செய்வதற்கும் கட்டளைகள் நினைவகத்தில் இருத்தல் வேண்டும். அக்கட்டளைகளை அங்கே கொண்டுவருவதற்கும் வேறொரு கட்டளை வேண்டும். அவ்வாறாயின் முதற் கட்டளையைக் கொணர்வது யார்? தன் தோளிலே தானே ஏறி நிற்க இயலுமா என்பது போன்ற வினா இது. மேனாட்டார் இதனை, தன் காலணியின் வாரைப் பற்றித் தன்னைத் தானே தூக்குவதற்கு ஒப்பிட்டு, 'பூட்ஸ்டிராப்' என்றனர். 'பூட்' என்னும் இன்றைய சொல் அதன் குறுக்கமே.

1952 ஆம் ஆண்டில் அறிமுகமான ஐ.பி.எம். 701 கணினியில் இதற்கெனவே ஒரு பொத்தான் இருந்தது. அதனை அழுத்தினால் அட்டை, நாடா, உருளை ஆகியவற்றுள் ஒன்றிலிருந்து முதற் கட்டளை நினைவகத்தை அடையும். 1975 இல் வந்த அல்ட்டேர் 8800 என்னும் சிறு கணினியிலோ, முகப்பிலுள்ள ஆளிகளை மேலும் கீழும் தள்ளித் தொடக்கக் கட்டளைகளை மனிதனே ஒவ்வொன்றாகப் புகுத்த வேண்டியிருந்தது.

1981 இல் ஐ.பி.எம். தனியாள் கணினி வெளிவந்தது. அதிலே 'பயோஸ்' என்னும் நிலையான நிரல், அழியாத நினைவகத்தில் பதிந்திருந்தது. வன்தட்டுகள் இவ்வகைக் கணினிகளிற் பரவியபோது, தட்டின் முதற் கூறாகிய 512 பைற்றுகளைப் படித்து அதனிடம் ஆட்சியை ஒப்படைப்பது அதன் பணியாயிற்று. அந்த 512 இல் 64 பைற்றுகள் தட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கும் 2 பைற்றுகள் அடையாளத்திற்கும் போக, நிரலுக்கு எஞ்சுவன 446 பைற்றுகளே. இந்தச் சிற்றிடத்திலிருந்து புறப்பட்டே பெரியதொரு முறைமையை எழுப்ப வேண்டியதாயிற்று.

1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் வேர்ணர் அல்மெஸ்பேர்கர் 'லிலோ' என்னும் தொடக்க ஏற்றியை அளித்தார். லிலோ கோப்புகளின் அமைப்பை அறியாது. லினக்ஸின் கருநிரல் தட்டில் எந்தெந்த இடத்திலுள்ளது என்பதை மட்டும் குறித்துவைத்திருக்கும். கருநிரலை மாற்றிய பின்னர் லிலோவை மறுபடி நிறுவ மறந்தால், அது பழைய முகவரியிலேயே தேடித் திகைக்கும். ஆயினும் ஒரு நன்மை உண்டு. தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் படிப்படியாகத் திரையில் இடும். இரண்டு எழுத்துகளோடு நின்றால், இரண்டாம் பகுதி நினைவகத்தை அடைந்தும் இயங்கவில்லை என்பது பொருள்.

1995 இல் எரிக் போலின் என்பார், குனூ ஹேர்ட் முறைமையை எழுப்பும் முயற்சியில் 'கிரப்' என்னும் ஏற்றியைப் படைத்தார். 1999 இல் அது குனூ திட்டத்தின் பொதியாக ஏற்கப்பட்டது. கிரப் கோப்பமைப்பைத் தானே படிக்க வல்லது. ஆதலின் கருநிரல் இடம் மாறினும் தேடிக் கண்டுகொள்ளும். எனினும் அதன் துணைக்கோப்புகள் வைக்கப்பட்ட பிரிவு நீக்கப்பட்டாலோ, பிரிவுகளின் எண் மாறினாலோ, நாம் தொடக்கத்திற் கண்ட இரு சொற்களோடு நின்றுவிடும். வேறொரு பணிசெயல் முறைமையை அருகில் நிறுவும்போது அது முதற் கூறின்மேல் தன் நிரலை எழுதிவிடுவதும் உண்டு. பயோஸுக்குப் பின்வந்த யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் தொடக்க ஏற்றிக்குத் தனிப் பிரிவே ஒதுக்கப்படுகின்றது. ஆயினும் எது முதலில் எழ வேண்டும் என்னும் வரிசை மாறிவிடுவதால் அங்கும் இடர் நேர்கின்றது.

இனி மருந்து. 2000 ஆம் ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் குனொப்பர், குறுந்தட்டிலிருந்தே முழுதும் இயங்கும் 'குனொப்பிக்ஸ்' என்னும் லினக்ஸை வெளியிட்டார். வன்தட்டைத் தொடாமலே கணினியை எழுப்பலாம் என்பதை அது பலருக்கும் காட்டிற்று. இன்று அதே பணியை ஒரு பென் டிரைவ் செய்கின்றது.

பழுதான கணினியை அதனால் எழுப்புக. யூ.ஈ.எஃப்.ஐ. கணினியாயின் அந்த முறையிலேயே எழுப்புதல் வேண்டும். 'எல்.எஸ்.பி.எல்.கே.' என்னும் கட்டளை தட்டின் பிரிவுகளை வரிசைப்படுத்திக் காட்டும். லினக்ஸ் நிறுவிய பிரிவை இனங்கண்டு, படிப்பதற்கு மட்டும் என்னும் நிலையில் இணைத்து, கோப்புகள் உள்ளனவா எனப் பார்க்க. உள்ளன எனக் கண்டதும் அச்சம் நீங்கும்; இன்றியமையாதவற்றை முதலில் வேறிடத்திற் படியெடுத்துக்கொள்க.

பின்னர் அப்பிரிவை எழுதும் நிலையில் இணைத்து, யூ.ஈ.எஃப்.ஐ. பிரிவையும் அதனுள் உரிய இடத்தில் இணைக்க. சாதனங்களையும் நடைமுறைகளையும் காட்டும் 'டெவ்', 'புரொக்', 'சிஸ்' என்னும் அடைவுகளையும் அதனோடு பிணைக்க. அடுத்து 'சேஞ்ச் ரூட்' கட்டளை. 1979 இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இவ்வசதி இருந்தது. இதனால் பென் டிரைவில் எழுந்த கணினி, பழைய முறைமையின் வீட்டினுள் புகுந்து நிற்கின்றது. அங்கே 'கிரப் இன்ஸ்டால்' என்னும் கட்டளை ஏற்றியை மீள நிறுவும். டெபியன், உபுண்டு வகைகளில் 'அப்டேட் கிரப்' என்பது தெரிவுப் பட்டியலைப் புதிதாக எழுதும். பழைய பயோஸ் முறையில் கிரப்பை நிறுவுவது முழுத் தட்டின்மேலேயன்றித் தனிப் பிரிவின்மேல் அன்று. இங்கே தவறுவோர் பலர்.

இது தனியாள் துயர் மட்டுமன்று. 2020 ஜூலையில் 'பூட்ஹோல்' என்னும் பாதுகாப்புக் குறை கிரப்பில் வெளிப்பட்டது. அதனை நீக்க வந்த திருத்தமே ரெட் ஹற், சென்ட் ஓ.எஸ். முறைமைகள் இயங்கிய கணினிகள் சிலவற்றை எழாமற் செய்துவிட்டது. அவற்றை மீட்டோரும் வெளித்தட்டால் எழுப்பி, உள்ளே புகுந்து, ஏற்றியைச் சீர்செய்யும் இதே வழியையே கைக்கொண்டனர்.

நேயர்களே, தன்னைத் தானே எழுப்பும் பொறி என்று நாம் வியந்தாலும், அது விழுந்த வேளையில் புறத்தேயிருந்து ஒரு கை வேண்டியிருக்கின்றது. அந்தக் கையை நலமான நாளிலேயே ஆயத்தம் செய்து, மேசை அறையில் வைத்திருத்தல் அறிவுடைமை. கரிய திரையைக் காணும் நாளில், அழிப்பதற்கு முன் ஒருமுறை உள்ளே எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும்.